நானூறு படிவமும் ஒரு பாக்கெட் அப்பளமும்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டபோதே வேலையை முடிவு செய்து வைத்திருந்தார். "பாளையங்கோட்டைப் பக்கம் சரக்கு ஓட மாட்டேங்கு தம்பி. ஒரு நானூறு பேருகிட்ட கேட்டு, ஏன்னு சொல்லுங்க." நானும் தலையாட்டினேன். அது என் தவறு.

நானூறு என்பது சும்மா வந்த எண் அல்ல. பெரிய ஊரில் எத்தனை பேர் ஒரு பொருளை வாங்குகிறார்கள் என்பதை, 95 சதவீத உறுதியோடு, 5 சதவீதம் முன்னே பின்னே சொல்ல, முறையாகக் குலுக்கி எடுத்த 384 பேர் போதும். 'எத்தனை பேர்' என்ற கேள்விக்கான கணக்கு அது. அவர் கேட்டதோ 'ஏன்'. ருசி, விலை, விளம்பரம் என எனக்குத் தோன்றியதைப் படிவத்தில் போட்டேன். 'நல்லாத்தான் இருக்கு' என்றே திரும்பி வந்தது. 1985இல் கோகோ கோலா ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு ருசி காட்டிவிட்டுத்தான் புதிய பானத்தை இறக்கியது. பழையதை நிறுத்தினால் மனசு என்ன பாடுபடும் என்பது அந்தச் சோதனையில் பிடிபடவில்லை. 79 நாளில் பழையது திரும்பி வந்தது.

படிவங்களைக் கட்டி வைத்துவிட்டு, சமாதானபுரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஓர் அம்மா எங்கள் பாக்கெட்டை எடுத்தார். காதருகே வைத்து லேசாகக் குலுக்கினார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். வைத்துவிட்டு வேறு பாக்கெட்டை எடுத்துக்கொண்டார். "அடியில நாலஞ்சு நொறுங்கிக் கெடக்கு அண்ணாச்சி. எலையில எப்படி வைக்க?"

முதல் நாளே இப்படித் துழாவியிருக்க வேண்டும்.

பாக்கெட்டின் அடியில் அட்டை வைக்கலாம் என்றதும் முதலாளிக்கு அவசரம். "தை பொறந்துட்டுல்லா, எல்லாக் கடைக்கும் அனுப்பிருவோம்." தையில் முகூர்த்தம், அப்பளம் எப்படியும் ஓடும். கூடினால் அட்டையாலா, கல்யாணத்தாலா? மன்றாடி 12 கடைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். ஆறில் அட்டை வைத்தது, ஆறில் பழையது, அதே விலை, அதே எட்டு வாரம்.

அட்டை போன ஆறு கடையிலும் நொறுங்கித் திரும்பிய பாக்கெட் குறைந்தது. ஆனால் பழைய பாக்கெட் கடைகளைவிட விற்பனை கூடியது நாலில்தான். மீதி இரண்டு கடையில் இப்போது காலை நேரம் உட்கார்ந்திருக்கிறேன், படிவம் இல்லாமல்.