90 நாள் விடுப்பும் ஒரு பணிமூப்புப் பட்டியலும்

பதினெட்டு மாதத் துணைச் செவிலியர் பயிற்சியை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின் அடிப்படையில் 1998 ஜூன் 10 அன்று கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்தேன். அடுத்த பதவியான பகுதி சுகாதார செவிலியர் நிலையை அடைய எனக்கு 24 ஆண்டுகள் ஆயின. அவற்றுள் கடைசி நான்கு ஆண்டுகள் முழுக்க முழுக்க ஒரு கணக்குப் பிழையால் போனவை. அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படித் திருத்த வைத்தேன் என்பதை, இதே இடத்தில் நிற்கும் சகோதரிகளுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் துறையில் தேக்கம் என்பது புதிய செய்தி அன்று. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் கிராம சுகாதார செவிலியர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பது கணக்கு; அந்த வகையில் தமிழ்நாட்டில் 8,700 துணை நிலையங்களுக்கு மேல் இருக்கின்றன. ஏறத்தாழ ஆறு துணை நிலையங்களை மேற்பார்வையிட ஒரு பகுதி சுகாதார செவிலியர், வட்டாரத்துக்கு ஒரு சமுதாய சுகாதார செவிலியர், அவர்களுக்கும் மேலே சுகாதார மாவட்டத்துக்கு ஒரே ஒரு தாய் சேய் நல அலுவலர். ஆறு பேர் நிற்கும் படியிலிருந்து ஒருவர்தான் அடுத்த படிக்குப் போக முடியும் என்னும்போது, மேலே இருப்பவர் ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டே கீழே இருப்பவருக்கும் வயதாகிவிடுகிறது. அதனால்தான் என் பெயர் வராததை நான் பல ஆண்டுகள் சந்தேகிக்கவே இல்லை. வரிசை நீளம், நமக்கு இன்னும் முறை வரவில்லை என்றே இருந்துவிட்டேன்.

2018 ஜூலையில் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்து வட்டாரத்தைச் சேர்ந்த தோழி ஒருவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். கலந்தாய்வில் பகுதி செவிலியர் பணியிடம் கிடைத்துவிட்டது என்றார். மனமார வாழ்த்தினேன். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது: அவர் பணியில் சேர்ந்தது 1998 ஆகஸ்ட். எனக்கு இரண்டு மாதம் இளையவர்.

அந்த நேரத்தில் என்னுடைய சிறப்புநிலைக் கருத்துருவும் வட்டார அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரே பதவியில் பத்து ஆண்டுகள் முடித்தால் தேர்வுநிலை, இருபது ஆண்டுகள் முடித்தால் சிறப்புநிலை என்பது தமிழ்நாடு அரசு ஊழியர் எவருக்கும் தெரிந்ததே. பதவி உயர்வு இல்லாதவருக்கு ஊதியத்திலாவது ஓர் ஏற்றம் கிடைக்கட்டும் என்ற ஏற்பாடு அது. கருத்துருவோடு பணிப்பதிவேட்டை இணைக்க வேண்டும் என்பதால் அது இரும்பு அலமாரியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டிருந்தது. இளநிலை உதவியாளரிடம் கேட்டு, அவர் மேசையருகிலேயே நின்று புரட்டினேன். இருபது ஆண்டுப் பணிக்காலத்தில் என் பணிப்பதிவேட்டை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓரங்கள் பழுப்பேறி, தைத்த நூல் விட்டுப்போய், நடுவில் இரண்டு தாள்கள் தனியே கழன்று கிடந்தன. அதில் ஒரு தாளில் பச்சை மையில் மூன்று வரிகள்: 1999 அக்டோபரிலிருந்து 90 நாள் மகப்பேறு விடுப்பு, அதன் காரணமாகத் தகுதிகாண் பருவம் 7.9.2000 பிற்பகலில் முடிவடைவதாக ஆணை.

இதை விளக்கியாக வேண்டும். தகுதிகாண் பருவம் என்பது மூன்று ஆண்டுத் தொடர் காலத்துக்குள் இரண்டு ஆண்டுகள் பணியில் இருப்பது. அன்றைய நடைமுறையில் விடுப்பில் இருந்த நாள்கள் பணியாகக் கருதப்படாததால், 9.6.2000-இல் முடிய வேண்டிய என் தகுதிகாண் பருவம் 90 நாள் தள்ளிப்போனது. இதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் பணிமூப்பு என்பது தேர்வுப் பட்டியலில் உள்ள வரிசையையும் பணியில் சேர்ந்ததையும் ஒட்டி அமைய வேண்டியதே ஒழிய, தகுதிகாண் பருவம் எந்தத் தேதியில் முடிந்தது என்பதை வைத்து அன்று. எங்கள் மாவட்டத்திலிருந்து இயக்குநரகத்துக்கு விவரப் பட்டியல் தயாரித்தவர், யாரோ எவரோ, தகுதிகாண் பருவம் முடிந்த தேதியைக் கொண்டே பெயர்களை அடுக்கியிருக்கிறார். நான் மகளைப் பெற்று வீட்டில் இருந்த அந்த 90 நாளுக்கு ஈடாக, எனக்குப் பின் மூன்று மாதத்துக்குள் சேர்ந்த அத்தனை பேரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்.

இது அப்போது எனக்கு ஊகமாகத்தான் இருந்தது. பட்டியலைக் கையில் வாங்காமல் மனு எழுத முடியாது. மாவட்ட அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டபோது, "அதெல்லாம் சுற்றறிக்கையில் வந்ததும்மா, நீங்கதான் பார்க்கல" என்றார்கள். சுற்றறிக்கை வந்திருக்கலாம், ஆட்சேபணைக்கு 15 நாள் கொடுத்திருக்கலாம். ஆனால் அது வட்டாரத்தைத் தாண்டி என் துணை நிலையத்துக்கு வரவில்லை. ஆகஸ்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். கேட்டவை மூன்றே: பணிமூப்புப் பட்டியலின் நகல், அது எந்த அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்பதற்கான கோப்புக் குறிப்பின் நகல், ஆட்சேபணை கோரிய சுற்றறிக்கையில் என் கையொப்பம் உள்ள பக்கத்தின் நகல். 30 நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 28 ரூபாய் கட்டச் சொல்லி நவம்பரில் கடிதம் வந்தது. பதினான்கு பக்கங்களும் வந்து சேர்ந்தன. மூன்றாவதாகக் கேட்டதற்கு மட்டும் "அவ்வாறான பதிவு இல்லை" என்று பதில். என் மொத்த வழக்குக்கும் பிற்பாடு உயிராக நின்றது அந்த ஒற்றை வரிதான்.

டிசம்பரில் உரிய வழியாக, அதாவது மருத்துவ அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட அலுவலகம் என்ற வரிசையில், முறையீடு அளித்தேன். ஒவ்வொரு படியிலும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். களப்பணியாளருக்கு அலுவலகம் போவதென்பது அவ்வளவு எளிதன்று. செவ்வாய் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன் தடுப்பூசி. மற்ற நாள்களில் வீடு பார்வை, கர்ப்பிணிகள் விவரத்தைக் கணினியில் ஏற்றும் பிக்மி பதிவு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி விண்ணப்பங்கள். போக வர ஒரு நாள் தற்செயல் விடுப்பு போய்விடும். போன நாளில் அந்த இருக்கை எழுத்தர் விடுப்பில் இருப்பார். ஒருமுறை தடுப்பூசிப் பெட்டியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருப்பி ஒப்படைத்துவிட்டு நேரே ஓடினேன். நாலே முக்கால் மணிக்குக் கோப்பு "மேலே போயிருக்கு" என்றார்கள். அது மேலே போகவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

2019 மே மாதம் நிராகரிப்புக் கடிதம் வந்தது. பணிமூப்பைத் திருத்தக் கோரும் மனுவை மூன்று ஆண்டுகளுக்குள் அளித்திருக்க வேண்டும், கால வரம்பு கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது என்று இரண்டே வரிகள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். சங்கத்தின் வழியாக அறிமுகமான, ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்தான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "விதியைப் பாதிதான் எழுதியிருக்காங்க" என்றார். மூன்று ஆண்டு வரம்பைச் சொல்லும் அதே விதி, விவரப் பிழையால் நேர்ந்த ஆணைகளைத் திருத்துவதற்கு அந்த வரம்பு பொருந்தாது என்றும் சொல்கிறது. எனக்கு அந்தப் பட்டியல் சார்வு செய்யப்படவே இல்லை, அதாவது முறைப்படி என் கைக்குத் தரப்படவே இல்லை என்பதற்கு அவர்கள் கடிதமே சாட்சி. அவர் சொல்லச் சொல்ல, அக்டோபரில் இரண்டாம் முறையீட்டை எழுதினேன். முதல் மனுவில் நான்கு பக்கத்துக்கு என் கஷ்டங்களைக் கொட்டியிருந்தேன். இரண்டாவது ஒரே பக்கம்: மூன்று தேதிகள், ஒரு விதி, ஐந்து இணைப்புகள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் என் கோப்பைப் பற்றிக் கேட்க எனக்கும் நேரமில்லை, பதில் சொல்ல அவர்களுக்கும் நேரமில்லை. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட முகாம்தான். இடையில் இரண்டு நினைவூட்டுகள் அனுப்பியது மட்டுமே நான் செய்தது. அந்தக் காலத்தில் என்னை உண்மையில் அச்சுறுத்தியது வேறொன்று. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-வின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தள்ளிவைக்கப்படும். என் வட்டாரத் தோழி ஒருவருக்கு, ஒரு மகப்பேறு மரணத் தணிக்கைக்குப் பிறகு அப்படி ஒன்று வந்து, விசாரணை முடிந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஆணை வருவதற்குள் அவருடைய கலந்தாய்வு கடந்துபோய்விட்டது. இலக்கு குறைந்ததற்கு விளக்கம் கேட்டு வரும் சாதாரணக் குறிப்பாணைக்கும் அன்றன்றே பதில் எழுதி நகல் வைத்துக்கொள்ளப் பழகியது அப்போதுதான்.

2022 பிப்ரவரியில் திருத்த ஆணை வந்தது. என் பெயர் 61 இடங்கள் மேலே ஏறியிருந்தது. அவ்வாண்டுக் கலந்தாய்வில் என்னை அழைத்தார்கள். திரையில் காட்டிய காலியிடங்களில் மிக அருகில் இருந்ததே வீட்டிலிருந்து 70 கிலோமீட்டர். பக்கத்தில் அமர்ந்திருந்தவர், மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கேயே துறப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவர் என்னைவிட மூத்தவர். பதவி உயர்வு கிடைத்தும் தேங்கிப்போகிறவர்கள் எங்களுள் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது. நான் எடுத்துக்கொண்டேன்.

ஊதியத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சிறப்புநிலையில் ஏற்கெனவே அந்த அளவை எட்டியிருந்தேன். நான் விட்டு வந்த துணை நிலையத்தில் இப்போது ஒப்பந்த முறையில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் ஒருவரும் இருக்கிறார். பட்டயம் படித்த, என் மகளைவிட இரண்டு வயதே மூத்த பெண். அவருக்கு மேலே ஏறப் படியே இல்லை என்பதை அவர் இன்னும் உணரவில்லை போலும்.

எனக்கு இளையவர் பதவி உயர்வு பெற்ற 2018-ஆம் ஆண்டுத் தேதியிலிருந்தே எனக்கும் கருத்தியலாக, அதாவது ஏட்டளவிலாவது, அதை வழங்க வேண்டும் என்று பதவி உயர்வு பெற்ற மறுமாதமே மனு அளித்தேன். அது இன்னும் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது. அதன் ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, என் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். புத்தாண்டுக்கு நாட்குறிப்பு மாறும்போது அந்த எண்ணைத்தான் முதலில் எடுத்து எழுதுகிறேன்.