ஈர டைல்ஸ் கட்டர்: வாங்கும்போதும் வெட்டும்போதும்

பம்பால் பிளேட்டில் தண்ணீர் விட்டபடி டைல்ஸ் வெட்டும் மெஷின் இது. மோட்டர் எத்தனை வாட்ஸ் என்று கேட்க முன், எவ்வளவு நீளம் வெட்டும் என்று பாருங்கள். இரண்டடிச் சதுர போர்சலின் டைல்ஸை மூலைக்கு மூலை வெட்ட 34 அங்குலம் வேண்டும்.

போர்சலினுக்கு விளிம்பில் இடைவெளி இல்லாத மெல்லிய டயமண்ட் பிளேட்தான். 'எல்லாத்துக்கும் இதே போதும்' என்று கடையில் கருங்கல் பிளேட்டைத் தந்தால் வாங்காதீர்கள். ஓரம் பல்லுப் பல்லாகப் பெயரும். அவசரமாகத் தள்ளினாலும் அதே கதிதான். வெட்டு முடியும் இடத்தில்தான் மூலை முறியும். ஆகவே ஒரு முனையில் இரண்டு அங்குலம் வெட்டி, டைல்ஸைத் திருப்பி மறுமுனையிலிருந்து மீதியை வெட்டுங்கள். 'எல்' வெட்டென்றால் உள்மூலையில் முதலில் 6 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்தே வெடிப்பு ஓடும்.

பிளேட் வெட்டாமல் தீப்பொறி பறந்தால் எறிந்துவிடாதீர்கள். கடினக் கல்லில் வைரத்துகள் மழுங்கியிருக்கும். சீமெந்துக் கல்லில் நாலைந்து தரம் அறுத்தால் புதுத்துகள் வெளியே வரும்.

தண்ணீர் சேறானால் மாற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் ஓட்டவே வேண்டாம், அதுவும் நம் மலைநாட்டு ஈரத்தில். வயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கட்டும், வழியும் நீர் கீழேயே சொட்டிவிடும். நுவரெலியாவில் ஜனவரி உறைபனிக்கு பம்பில் தண்ணீர் விட்டுவைக்காதீர்கள்.