பன்னிரண்டில் ஒருவன்

"சார், இதுல மார்க் எங்கீங்க?"

அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்ததுமே அந்தத் தகப்பனார் கேட்டார்.

கேரளத்தில் 2005 முதல் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு கிரேடாகத்தான் வருகிறது. உயர்படிப்புக்குத் தகுதி பெற ஒவ்வொரு பாடத்திலும் டி பிளஸ், அதாவது நூற்றுக்கு 30, கட்டாயம் வேண்டும். அவருடைய மகனுக்குக் கணக்கில் டி என்றிருந்தது. தேங்காய் உரித்து உரித்துக் காய்ப்பேறிய அவருடைய விரல், மற்ற ஒன்பது பாடங்களையும் விட்டுவிட்டு, அந்த ஓர் எழுத்தின் மீதே நின்றது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள எங்கள் அரசுப் பள்ளியில் இந்த ஆண்டு தமிழ் வழியில் தேர்வு எழுதியவர்கள் 12 பேர். ஒருவன் தவறியதும் எங்கள் விழுக்காடு 91.67 ஆகிவிட்டது; இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே ஒருவன் அரை விழுக்காடுதான். 'நூறுமேனி', அதாவது நூறு விழுக்காடு தேர்ச்சி, என்று பலகை வைக்க முடியவில்லையே என்று அலுவலக அறையில் பேசிக்கொண்டார்கள். எனக்கோ, வீட்டில் ஒரு தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்ந்த பிள்ளை, கணக்குப் புத்தகத்தில் மட்டும் யாரும் பேசாத ஒரு தமிழோடு தனியாகப் போராடியதை ஆண்டு முழுவதும் அருகிலிருந்தும் சரியாகக் கவனிக்கவில்லையே என்பதுதான் ஆறாத வருத்தம்.

தவறிய பாடத்தை அதே ஆண்டிலேயே மறுபடி எழுத 'சே' தேர்வு இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அனுப்பி விடுங்க, நான் வந்திருவேன்."

"சரிங்க சார்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் ஒரு முறை உள்ளங்கையை அழுத்திவிட்டு நடந்தார்.