கல்லூரி கைமாறும்போது

தர்மபுரியில் வழக்கறிஞராக இருக்கும் நான், கல்லூரி நிர்வாகங்கள் கைமாறும்போதும் இணையும்போதும் எழும் சட்டப் பணிகளையே பெரும்பாலும் செய்து வருகிறேன். "என்ன விலைக்கு முடிக்கலாம், சார்?" என்று கேட்டு வருபவர்களிடம், கல்லூரியை அறக்கட்டளையோ சங்கமோ போன்ற லாப நோக்கமற்ற அமைப்புதான் நடத்த முடியும், கம்பெனியின் பங்குகளைப் போல அதை வாங்கிவிட இயலாது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. தனியார் கல்லூரிகளுக்கு நியாயமான உபரியை அனுமதித்த, உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் வழக்குத் தீர்ப்பும் கொள்ளை லாபத்தை ஏற்கவில்லை.

முதலில் நான் பிரித்துப் பார்ப்பது அறக்கட்டளைப் பத்திரத்தை. அடுத்து பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. கட்டடம் நிற்கும் புஞ்சை நிலம் அறக்கட்டளையின் பெயருக்கு மாறாமல் நிறுவனரின் தந்தை பெயரிலேயே கிடந்தால், பாகம் கேட்டு வாரிசுகள் வந்து நிற்கக்கூடும் என்பதால், அதைச் சரிசெய்யாமல் எந்த ஒப்பந்தத்தையும் நான் எழுதுவதில்லை. நிர்வாக மாற்றத்துக்காக, கலைக் கல்லூரி என்றால் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தையும், பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவையும் (ஏ.ஐ.சி.டி.இ.) அணுக வேண்டும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமானவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும்தான். சம்பள பாக்கியையும் பி.எஃப். நிலுவையையும் யார் கட்டுவது, படித்துக்கொண்டிருப்பவர்களின் அசல் சான்றிதழ்களுக்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தனி ஷரத்துகளாக எழுதாத வரைவை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.