ட்ரான்ஸ்வால் வரைக்கும் இறங்கியாச்சு: கேப் டவுன் குளிர்த் தண்ணி டைவிங்

போன தடவை எழுதினப்போ மில்லர்ஸ் பாயிண்ட் பக்கத்துல கிடக்கற பீட்டர்மாரிட்ஸ்பர்க் கப்பலோட நிப்பாட்டியிருந்தேன். அது 22 மீட்டர் ஆழம் தான். (காந்தியை ரயில்ல இருந்து இறக்கி விட்ட அதே ஊரோட பேரு. கப்பலோட பழைய பேரு பெலோரஸ், 1944ல நார்மண்டி கரைக்கு முன்னாடி போய் கண்ணிவெடி வாரினது, 1994ல செயற்கைப் பாறையா ஆகட்டும்னு இங்க மூழ்கடிச்சாங்க.) இப்போ அதையும் தாண்டி ஸ்மிட்ஸ்விங்கல் பே போயாச்சு. அங்க 34, 36 மீட்டர் மணல்ல அஞ்சு கப்பல் கிடக்கு, அஞ்சுமே வேணும்னே மூழ்கடிச்சது. 1972ல ராக்ஈட்டர்னு ஒரு வைரம் அள்ளுற கப்பல், 1978ல கடற்படையோட குட் ஹோப்பும் ட்ரான்ஸ்வாலும், 1983ல ரெண்டு மீன்பிடி கப்பல். நாங்க எடுத்துக்கிட்டது ட்ரான்ஸ்வால்.

"நாங்க"ன்னா நானும், டர்பன் சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளர்ந்த ஒரு தம்பியும். ரைலண்ட்ஸ் கோவில்ல பழக்கம். அவனுக்குத் தமிழ் கேட்டா புரியும், பேச்சு பாதி இங்கிலீஷ்ல தான் வரும், ஆனா "அண்ணா"ன்னு கூப்பிடறதுல மட்டும் ஒரு குறையும் இருக்காது. டைவிங் கத்துக்கிட்டது டர்பனுக்குத் தெக்க அலிவால் ஷோல்ல, சுடச்சுட தண்ணி. இங்க வந்து முதல் தடவை தண்ணில கைய வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தான் பாருங்க!

நிறைய பேரு 22 மீட்டருக்கும் 35 மீட்டருக்கும் 13 மீட்டர் தானே வித்தியாசம்னு நினைக்கறாங்க. அப்படி இல்லைங்க. 35 மீட்டர்ல அழுத்தம் 4.5 பார், அதாவது மேல இருக்கறத விட நாலரை மடங்கு, மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கற ஆளு அங்க 90 லிட்டர் இழுப்பான். சாதா காத்துல டேபிள் (எந்த ஆழத்துல எவ்வளவு நேரம் இருக்கலாம்ங்கற அட்டவணை) பாத்தா 35 மீட்டருக்கு 14 நிமிஷம், அதுக்கு மேல இருந்தா டிகோ ஸ்டாப் (உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, ஏறி வரும்போது நடுவுல நிக்கறது) கட்டாயம், அந்த 14லயே இறங்கற நேரமும் அடக்கம். சரி, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைச்ச காத்து) போட்டா நேரம் கூடுமேன்னு தோணும். எல்லாரும் அடிக்கற 32 சதவீத ஆக்சிஜன் இங்க ஒத்து வராது, ஆக்சிஜனோட அழுத்தம் 1.4 பார் தாண்டக்கூடாதுங்கற கணக்குல அது 33.75 மீட்டரோட முடிஞ்சிடும், மணல் அதுக்கும் கீழ இருக்கு. அதனால 30 சதவீதம் அடிச்சோம், அது 36 மீட்டர் தாண்டி தாங்கும். 35 மீட்டர்ல அதோட நைட்ரஜன் கணக்கு காத்துல 30 மீட்டர் போன மாதிரி, டேபிள்ல 20 நிமிஷம் கிடைக்கும்.

இங்க தான் விஷயமே. அந்த 20 நிமிஷத்துக்கு சிலிண்டர்ல காத்து வேணும்ல? கீழ ஒருத்தனுக்கு ரெகுலேட்டர் மக்கர் பண்ணா ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல மேல வரணும், பதட்டத்துல ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு வைங்க. கீழ ஒரு நிமிஷம் நிதானிக்க 270, ஏறி வர நாலு நிமிஷத்துக்கு 660, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்க இன்னொரு 270, மொத்தம் 1200 லிட்டர். இது தொடக்கூடாத காசு. 12 லிட்டர் சிலிண்டர் 200 பார்னா மொத்தமே 2400 தான், 1200 ஒதுக்கினா மிச்சம் 13 நிமிஷத்துக்கு வரும். அப்போ நைட்ராக்ஸுக்குக் கொடுத்த ராண்ட் தண்ணில போட்டது தான். 15 லிட்டர் சிலிண்டர் 220 பார்ல 3300, ஒதுக்கினது போக 23 நிமிஷம் வருது, இப்போ தான் ரெண்டு கணக்கும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. 15 லிட்டர்ல 80 பார் ஆனா (அது தான் அந்த 1200 லிட்டர்) பேச்சே இல்ல, கட்டை விரல் மேல, அதாவது ஏறலாம்னு சைகை. டார்ச், கேமரான்னு வாங்கறதுக்கு முன்னாடி பெரிய சிலிண்டர் வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதனால தான்.

அடுத்தது குளிர். எங்க சித்தப்பா தூத்துக்குடில சங்கு குளிக்கப் போனவரு, போன்ல "ஏலே, அங்க தண்ணில ஐஸு கிடக்குமால?"ன்னு கேட்டாரு. ஐஸ் இல்ல சித்தப்பா, ஆனா வெட் சூட்ல (நுரை ரப்பர் உடுப்புல) இருக்கற காத்துக் குமிழு எல்லாம் 35 மீட்டர்ல நசுங்கிடும், 7 மில்லிமீட்டர் போட்டுட்டுப் போனா கீழ அதுல பாதி கூட இருக்காது. கோடைல மேல 19 டிகிரி காட்டும், ஜம்முனு இறங்குவோம், ஒரு ஆழத்துல கோடு கிழிச்ச மாதிரி 11க்கு விழும். குளுந்தா மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானா மேல போட்ட கணக்கு எல்லாம் போச்சு. விரல் மரத்துப் போனா கொக்கி மாட்டக்கூட வராது. அதனால ட்ரை சூட், உள்ள தண்ணி புகாத உடுப்பு. கழுத்து ரப்பர்ல டால்கம் பவுடர் தடவி தலைய நுழைக்கறதுக்குள்ள உயிர் போயிடும், உள்ள ஒரு முடி மாட்டினாலும் அந்த வழியா தண்ணி சொட்டு சொட்டா முதுகுக்குப் போகும். தம்பி தாடிய எடுத்துட்டான். இறங்க இறங்க சூட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா காத்து விடணும், இல்லைன்னா மடிப்பு மடிப்பா தோலக் கவ்விப் பிடிக்கும். இதை பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ரொம்ப நாள் பழகினதுக்கு அப்புறம் தான் இங்க வந்தோம்.

நாளு பாத்தது குளிர்காலத்துல. இந்தக் கப்பல் எல்லாம் கிடக்கற ஃபால்ஸ் பே குடாவுக்கு வடமேற்குக் காத்து தான் நல்லது, கோடைல தென்கிழக்கு அடிச்சா குடாவே கலங்கிடும். மில்லர்ஸ் பாயிண்ட்ல போட் இறக்கினோம். கார் கதவத் திறந்து போட்டுறாதீங்க, பபூன் வரும். தம்பியோட ரொட்டி ரோலு ரெண்டும் அதுக்குத் தான் போச்சு.

ஷாட் லைனப் (மிதவைல இருந்து கீழ வரைக்கும் போற கயிறு) பிடிச்சு இறங்கினா முதல்ல பச்சையா ஒண்ணுமே தெரியல, 25 மீட்டர் கிட்ட வந்ததும் கீழ ஒரு கருப்பு நீளமா தெரிய ஆரம்பிச்சது. டார்ச் இல்லாம பாத்தா எல்லாம் சாம்பல் நிறம், டார்ச்ச அடிச்சதும் தகடு பூரா ஆரஞ்சு, ஊதா, மஞ்சள்னு மெத்து பவளமும் விசிறிப் பவளமும். ஒரு விசிறி மேல பாஸ்கெட் ஸ்டார் ஒண்ணு உக்காந்திருந்துச்சு, கை கிளை விட்டு, அந்தக் கிளையும் கிளை விட்டு, நுனி எல்லாம் சுருண்டு, இடியாப்பம் பிழிஞ்சு விட்ட மாதிரி. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு நுனியா மெதுவா உள்ள இழுத்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே ரெண்டு நிமிஷம் போயிடுச்சு, 20ல ரெண்டு! ரோமன்னு செவப்பு மீன் ஒண்ணு கடைசி வரைக்கும் எங்க பின்னாடியே வந்துச்சு.

இந்தக் கப்பல் தான் 1947 டிசம்பர் கடைசில மேரியன் தீவுக்குப் போய் அதை தென்னாப்பிரிக்காவோடதுன்னு அறிவிச்சுட்டு வந்தது. அதைப் படிச்சுட்டுப் போனதால முன்பக்கம் போய்ப் பாக்கணும்னு எனக்கு ஆசை. உள்ள நுழையல, நுழையறதா உத்தேசமும் இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல துருப்பிடிச்ச தகடு எப்போ சரியும்னு யாருக்கும் தெரியாது, ஒரு உதை உதைச்சா உள்ள வண்டல் கிளம்பி வாசலே காணாமப் போயிடும். கயிறு கட்டி உள்ள போறது தனிப் படிப்பு, அதை முடிக்காம "சும்மா எட்டிப் பாக்கறேன்"னு சொல்றவங்க கூட நான் இறங்க மாட்டேன்.

நார்கோசிஸ் (ஆழத்துல நைட்ரஜனால வர்ற போதை மாதிரி மயக்கம்) இருந்துச்சா? கொஞ்சம் இருந்துச்சு. மீட்டரப் பாத்த அடுத்த செகண்டே எவ்வளவுன்னு மறந்து திரும்பவும் பாத்தேன். அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தம்பி விரல்ல தன்னோட பார் காட்டணும், நான் என்னோடது காட்டணும்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். மந்தமா பதில் வந்தா ரெண்டு மீட்டர் மேல ஏறணும். அதுக்குத் தேவை வரல.

வீட்ல எல்லாரும் கேக்கறது சுறா பத்தி தான். முன்னாடி இந்த மில்லர்ஸ் பாயிண்ட் பக்கம் செவன்கில் சுறா கூட்டம் கூட்டமா இருக்கும், 2015 வாக்குல போர்ட், ஸ்டார்போர்டுன்னு பேர் வச்ச ரெண்டு ஓர்க்கா திமிங்கலம் வந்து ஈரலுக்காக அடிக்க ஆரம்பிச்சதுல அந்தச் சுறாங்களே ஓடிப் போச்சு. நான் பாத்தது ஒரு குட்டி பைஜாமா சுறா, தகடுக்கு அடியில தூங்கிட்டு இருந்துச்சு.

அடுத்தது குட் ஹோப். அதே 30 சதவீதம், அதே 15 லிட்டர். கையுறை மட்டும் மாத்தணும், அஞ்சு மீட்டர்ல நிக்கும்போது தான் விரல் ரொம்ப வலிச்சது. ட்ரை கையுறை யாராவது வளையம் வச்சு மாட்டிப் பாத்திருந்தா எது நல்லதுன்னு சொல்லுங்க.