என்சைம் குடுத்த அந்த 11 நாள்

சின்னவனுக்கு ஆட்டிசம், அப்போ அஞ்சு வயசு முடியல. பேச்சு ரொம்ப கம்மி, ரெண்டு மூணு வார்த்தைதான், மத்ததெல்லாம் நம்ம கையப் புடிச்சு இழுத்துட்டு போய் காட்டுவான். வயிறு எப்பவும் உப்பலா இருக்கும், டிராயர்ல அப்பப்போ தண்ணியா கொஞ்சம் கொஞ்சம் போயிடும், மாசக்கணக்கா இதே கதை. தெரிஞ்ச ஒரு அக்கா, "ஜீரணம் ஆகல போல, டைஜெஸ்டிவ் என்சைம் குடுத்து பாரேன், எம்பொண்ணு கண்ணப் பாத்து பேச ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்"னாங்க. டாக்டர்கிட்ட கேக்காம வாங்கிட்டேன். மறந்துபோய் கேக்காம விடல, கேட்டா வேணாம்னு சொல்லிடுவாருன்னு தெரியும், அதான்.

கேப்சூல் முழுங்க மாட்டான். பிரிச்சு உள்ள இருக்குற பொடிய மசிச்ச பழத்துல கலந்து குடுத்தேன். இந்த ஒரு வரிய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

முதல் ரெண்டு நாள் ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஜாலியா இருந்த மாதிரி கூட தோணுச்சு, வீட்டுக்காரர்கிட்ட "பாத்தீங்களா"ன்னு பெருமையா வேற சொன்னேன். மூணாவது நாள்லேர்ந்து ஆரம்பிச்சுது. காரணமே இல்லாம அழுகை, சோபால இருந்து குதிக்கிறது, கூடப் பொறந்த அக்காவ கடிக்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அஞ்சு மணி வரைக்கும் வீட்டுக்குள்ளயே நடை. சாப்பாட்டுத் தட்டப் பாத்தாலே தள்ளி விட்டான். சட்டைக் காலர வாயில வச்சு மென்னுகிட்டே இருந்தான், அதையும் ஹைப்பர் ஆயிட்டான்னு எடுத்துகிட்டேன்.

என்சைம் குடுக்க சொன்ன அந்த அக்காவுக்கு போன் போட்டா, "அது நல்ல சைன்மா, உள்ள இருக்குற கெட்ட கிருமியெல்லாம் சாகுது, பழைய விஷம் வெளிய வருது, மூணு வாரம் பல்லக் கடிச்சுகிட்டு இரு, நிறுத்திடாத"ன்னாங்க. இத நம்புனதுதான் எனக்கு இன்னிக்கும் உறுத்துது. ஏன்னா இந்த மாதிரி ஒரு விளக்கம் கையில இருந்தா எதுவுமே தப்பாப் போகாது பாருங்க. புள்ள சிரிச்சா மருந்து வேலை செய்யுது, அழுதா இன்னும் பலமா வேலை செய்யுது. அப்போ எதப் பாத்துதான் நிறுத்துறது?

பதினோராவது நாள் குளிக்க வைக்கிறப்போதான் பாத்தேன். ஆசனவாய சுத்தி நெருப்பு பட்ட மாதிரி சிவந்து கிடந்துச்சு. அப்புறம் வாயத் திறக்க வச்சா கன்னத்து உள்பக்கம் ரெண்டு புண்ணு, நாக்கு ஓரத்துல ஒண்ணு. என் புள்ள எந்த சாப்பாட்டையும் உடனே முழுங்க மாட்டான், கன்னத்துல அடக்கி வச்சுகிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பான். என்சைம் கலவைல புரோட்டீஸ்னு ஒண்ணு இருக்கு, அதோட வேலையே புரதத்த உடைக்கிறது. சாப்பாட்டுல இருக்குற புரதத்த மட்டும்தான் உடைப்பேன்னு அதுக்கு ஒண்ணும் சட்டம் இல்ல, வாயோட தோலும் அதுக்கு புரதம்தான். டாக்டருங்க எழுதிக் குடுக்குற கணைய என்சைம் கேப்சூல்லயே உள்ள இருக்குற சின்ன சின்ன குருணைய மெல்லக் கூடாது, வாயில வச்சிருக்கக் கூடாது, புண்ணாயிடும்னு தெளிவா போட்டிருக்கு. நான் என்னடான்னா அடக்கி வச்சுக்குற புள்ளைக்கு பழத்துல குழைச்சு ஊட்டிருக்கேன், அதுவும் ஒரு நாளைக்கு மூணு வேளை.

வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத புள்ள கடிச்சான், தட்டத் தள்ளினான், தூங்கல. நாங்க அத பிஹேவியர்னு பேர் வச்சு பொறுத்துகிட்டு இருந்தோம்.

நிறுத்தினேன். நாலே நாள்ல புண்ணு ஆறிடுச்சு, கடியும் நின்னுடுச்சு.

கோவத்துல உக்காந்து நிறைய படிச்சேன். பால், கோதுமைல இருக்குற புரதம் சரியா உடையாம பெப்டைடா, அதாவது சின்னத் துண்டா, ரத்தத்துல கலந்து மூளையில போதை மாதிரி வேலை செய்யுது, என்சைம் அத உடைச்சதும் புள்ளைக்கு போதை விட்ட மாதிரி ஆகுது, அதான் முரண்டு பிடிக்கிறான்னு ஒரு கதை சொல்லுவாங்க. இதுக்கு வேர் 1979ல யாக் பாங்க்செப்னு ஒரு விஞ்ஞானி, ஆட்டிசத்துக்கும் மூளையோட ஓபியாய்டுக்கும் (மூளையே சுரக்குற போதை மாதிரி பொருள்) சம்பந்தம் இருக்கலாம்னு சொன்ன யோசனைல இருக்கு. யோசனையா நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்னாடி ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்க யூரின்ல அந்த பெப்டைடுகள தேடினப்போ கிடைக்கல. சரி, என்சைம் குடுத்தா நடத்தை மாறுதான்னு பாத்தா, 2010ல 43 பிள்ளைங்கள வச்சு பண்ண ஆய்வுல நடத்தை, வயிறு, தூக்கம் எதுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல. 2015ல எகிப்துல 101 பிள்ளைங்களுக்கு மூணு மாசம் குடுத்து பாத்ததுல முன்னேற்றம் இருக்குன்னு சொன்னாங்க. ஆக ரெண்டு பக்கமும் இருக்கு, அந்த அக்கா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல வரல.

ஆனா என்னையே எனக்கு காட்டிக் குடுத்தது வேற ரெண்டு ஆய்வு. செக்ரடின்னு ஒரு ஹார்மோன் இருக்கு, கணையத்த சுரக்க வைக்கிறது. 1998ல மூணு பிள்ளைங்களுக்கு அது குடுத்ததும் ஆட்டிசத்துல முன்னேற்றம் தெரிஞ்சுதுன்னு ஒரு ரிப்போர்ட் வந்ததும் பெத்தவங்க எல்லாம் அதுக்கு அலைஞ்சாங்க. அடுத்த வருஷமே 56 பிள்ளைங்கள ரெண்டா பிரிச்சு, பாதி பேருக்கு செக்ரடின், பாதி பேருக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டாங்க. ரெண்டு பக்கமும் பிள்ளைங்க முன்னேறினாங்க. மருந்துக்கும் உப்புத்தண்ணிக்கும் வித்தியாசமே இல்லன்னு சொன்ன பிறகும் 69 சதவீத பெத்தவங்க எங்களுக்கு அந்த மருந்து வேணும்னுதான் சொன்னாங்களாம். சிரிக்க முடியல, ஏன்னா நானும் அந்த வரிசைல நின்னிருப்பேன்.

இன்னொண்ணு 1994ல பண்ணது. சர்க்கரை சாப்பிட்டா பையன் ஆட்டம் போடுவான்னு நம்புற அம்மாக்களையும் அவங்க 5லேர்ந்து 7 வயசு பசங்களையும் கூப்பிட்டாங்க. பசங்க யாருக்கும் சர்க்கரையே குடுக்கல, ஆனா பாதி அம்மாக்கள்கிட்ட மட்டும் குடுத்தாச்சுன்னு சொன்னாங்க. அந்த அம்மாக்களுக்கு மட்டும் பையன் ரொம்ப ஆட்டம் போடுற மாதிரி தெரிஞ்சுது. அது மட்டுமில்ல, அவங்க பையன் பக்கத்துலயே நின்னுகிட்டு அதிகமா குறையும் சொல்லிட்டு இருந்தாங்க. முதல் ரெண்டு நாள் நான் பாத்த அந்த "ஜாலி" எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

டாக்டர்கிட்ட போனதையும் சொல்லிடறேன். திட்டுவாருன்னு பயந்து போனேன், திட்டல. வயித்த அமுக்கிப் பாத்துட்டு இடது பக்கம் கீழ என் கையையும் வச்சுப் பாக்க சொன்னாரு, கட்டியா கையில தட்டுச்சு. "இது வயித்துப்போக்கு இல்லம்மா, மலச்சிக்கல். கெட்டியானது உள்ள அடைச்சுகிட்டு நிக்குது, தண்ணியா இருக்குறது அத சுத்திகிட்டு கசியுது"ன்னாரு. எனக்கு தலை சுத்திடுச்சு. மாசக்கணக்கா எதை வயித்துப்போக்குன்னு நினைச்சிட்டிருந்தோமோ அது நேர் எதிர். கணையம் சரியா சுரக்குதான்னு பாக்க மலத்துல எலாஸ்டேஸ்ங்கற கணைய என்சைம் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட்டும் எடுத்தாரு, அதுவும் தண்ணியா போறத குடுக்காதீங்க, அளவு நீர்த்துப் போய் கம்மியா காட்டும், கெட்டியா போறப்போ எடுங்கன்னாரு. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தா நார்மல், இவனுக்கு அதுக்கு நல்லா மேலயே இருந்துச்சு. என்சைம் குறையே இல்லாத புள்ளைக்கு நான் என்சைம் குடுத்திருக்கேன். அப்புறம் மலத்த இளக்குற பாலிஎதிலீன் கிளைகால் பொடி, அதுவும் ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, மாசக்கணக்குல. தூக்கம் அதுக்கப்புறம்தான் உண்மையா சரியாச்சு.

இதப் படிச்சிட்டு யாரும் டாக்டர் எழுதிக் குடுத்த என்சைம நிறுத்திடாதீங்க, தயவு செஞ்சு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மாதிரி நோய்ல கணையம் வேலை செய்யாத பிள்ளைங்களுக்கு அது இல்லன்னா சாப்பாடு உடம்புல ஒட்டாது. அங்கயும் டோஸுக்கு எல்லை இருக்கு, 90கள்ல ரொம்ப அதிக டோஸ் எடுத்த பிள்ளைங்களுக்கு பெருங்குடல் சுருங்கிப் போனத பாத்த பிறகுதான் ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 10,000 லைபேஸ் (கொழுப்ப உடைக்கிற என்சைம்) யூனிட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. பால் ஒத்துக்காத பிள்ளைக்கு பால் சர்க்கரைய உடைக்கிற லாக்டேஸ் என்சைம் குடுக்குறதும் வேற விஷயம், அதுக்கு தெளிவா ஒரு காரணம் இருக்கு.

நான் சொல்றது காரணமே தெரியாம, கடைல வாங்கி, அக்கா சொன்னாங்கன்னு குடுக்குற என்னை மாதிரி ஆளுக்கு. குடுத்தே ஆகணும்னு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடுங்க, அந்த வாரம் வேற எதையும் மாத்தாதீங்க (நான் அதே வாரம் பாலையும் நிறுத்தியிருந்தேன், புத்திசாலி), குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரமும் நோட்டுல எழுதுங்க. என்கிட்ட குடுத்த பிறகு எழுதினதுதான் இருக்கு, முன்னாடி அவன் ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சான்னு கேட்டா எனக்கு பதில் தெரியல. புள்ள திடீர்னு மாறினா வாய், வயிறு, பின்பக்கம், தோல் எல்லாம் பாத்துட்டு அப்புறமா மனச பத்தி யோசிங்க. தடிப்பு, முக வீக்கம், மூச்சு இழுப்புன்னா யோசிக்கவே வேணாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அலர்ஜியா இருக்கலாம். அன்னாசி, பப்பாளி, பூஞ்சை, பன்னி கணையம்னு எதுலேர்ந்து வேணாலும் இந்த என்சைம எடுப்பாங்க.

இப்போ வீட்ல படக் கார்டு வச்சிருக்கோம், வயிறு, வாய், காது, தல. எங்க வலிக்குதோ அந்தக் கார்ட எடுத்துக் காட்டணும், ரெண்டு மாசமா பழக்குறோம். போன வாரம் முழங்கால்ல அடிபட்டுட்டு வந்து வயித்துக் கார்ட நீட்டினான்.