கோலாலம்பூரில் படிப்பு முடிகிறதா? பெட்டி கட்டுவது கடைசி வேலை

ஊர் திரும்பப் போகிற ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ கொண்டு போகலாம் அண்ணா?" என்றுதான். பெட்டி கட்டுவது ஒரு ராத்திரி வேலை. ஊருக்குப் போன பிறகு செய்யவே முடியாத, அல்லது செய்ய அல்லாட வேண்டிய வேலைகள்தான் முக்கியம். கடைசி செமஸ்டர் பாதியிலேயே அவற்றைத் தொடங்கிவிடுங்கள். மலாயா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துத் தமிழ்நாடு திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். நம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரோடு இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மலேசியாவில் பதிவெல்லாம் பாஸ்போர்ட்படிதான். மலேசியத் தமிழ் நண்பர்களின் சான்றிதழில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று நடுவில் வருவதால் எது தன் பெயர், எது தகப்பன் பெயர் என்பதில் குழப்பமில்லை. நமக்கு அந்த வசதி கிடையாது. பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே பெயரின் வரிசை, எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் வித்தியாசத்தை ஊரில் ஒரு அஃபிடவிட் போட்டுச் சமாளிக்கலாம். பட்டத்திலேயே எழுத்துப் பிழை என்றால் கடல் கடந்து கடிதப் போக்குவரத்துதான்.

அடுத்து மதிப்பெண் பட்டியல். கூடுதல் பிரதிகளை அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அரசு வேலை, பிஎச்டி, கல்லூரி ஆசிரியர் பணி என்று யோசிப்பவர்களுக்கு பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்று காட்டும் சமநிலைச் சான்று இந்தியாவில் தேவைப்படும். நெடுங்காலம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயு, கொடுத்து வந்தது இது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இதற்கென்று தனி விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். பாடத்திட்டம், படிப்புக் காலம், நேரடி வகுப்பா என்ற விவரம் எல்லாம் கேள்வியாக வரலாம். அதனால் மாணவர் கணக்கு மூடப்படும் முன் பாடக் கையேட்டின் பக்கங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் கிடக்கும் கோப்புகளுக்கும் இதே கதைதான். தமிழ் ஆய்வு செய்பவர்கள் மலாயா பல்கலைக்கழக நூலகத்தை இன்னொரு முறை சுற்றி வருவது நல்லது. 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இயங்கும் இடம். அங்கே கண்ணில் பட்ட மலேசியத் தமிழ் நூலை மதுரையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மலேசியாவில் தங்கிப் படிக்க அனுமதிக்கும் ஸ்டூடன்ட் பாஸ் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. காலாவதி தேதி தூரத்தில் இருக்கிறதே என்று அப்படியே விமானம் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. படிப்பு முடிந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் வழியாக அதை முறைப்படி முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு விமான டிக்கெட் கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் சில நாள் கையை விட்டுப் போகும். ஆகவே தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பாஸ்போர்ட் தேவைப்படும் வங்கி வேலைகளை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

ஆனால் வங்கிக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். வாடகை வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாதம் என்று கொடுத்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்காரர் "அடுத்த மாசம் போட்டுடுறேன் தம்பி" என்று சொல்லியே மாதங்களைத் தள்ளினார். கடைசியில் வெள்ளி, அதாவது ரிங்கிட், வந்து விழுந்தது அந்தக் கணக்கில்தான். சாவி கொடுக்கும் அன்று வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, மீட்டர் அளவையும் படம் பிடித்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். முதலில் டெபாசிட், பிறகு வங்கி, எல்லாம் முடிந்த பின் கைப்பேசி எண்: இதுதான் வரிசை. எண் போய்விட்டால் வங்கிச் செயலியும் மக்கர் பண்ணும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வைஃபை போட்டிருந்தால், அடுத்து குடிவருபவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று முன்பே கேளுங்கள்.

சரி, பெட்டி. ரைஸ் குக்கரை ஜூனியருக்கு விற்றுவிடுங்கள். மலேசியாவின் சதுரக்கால் பிளக் நம் வீட்டுச் சுவரில் நுழையாது. புத்தகங்களைக் கார்கோவில் போடலாம். சான்றிதழ்கள் மட்டும் கைப்பையில்.

பட்டமளிப்பு விழா பல மாதம் தள்ளி வந்தால் கவலை வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தந்து, பிறகு நீட்டித்தும் இருக்கிறார்கள். அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பினால் போதும். சான்றிதழுக்குச் சான்றொப்பம் (அட்டெஸ்டேஷன்) தேவைப்படுகிறவர்கள் அந்தப் பயணத்திலேயே முடிக்கலாம். முதலில் புத்ராஜெயாவில் விஸ்மா புத்ரா என்ற மலேசிய வெளியுறவு அமைச்சகம், அப்புறம் மோண்ட் கியாராவில் இந்தியத் தூதரகம். இரண்டும் ஆளுக்கொரு திசை. விழாவுக்கு அடுத்த நாளே திரும்பும்படி டிக்கெட் போடாமல், வேலை நாட்களாகப் பார்த்து நாலைந்து நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு, அந்த ரைஸ் குக்கரை வாங்கிய ஜூனியரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.